குழுவாகப் பிரித்தால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வெளியாகும் செயல்திட்ட மாதிரிகளைத் தொடர்ந்து படித்து, அவற்றுள் சிலவற்றை என் வகுப்பில் செய்தும் பார்த்திருக்கிற ஓர் அறிவியல் ஆசிரியை என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். தேவையான பொருள்கள் எவை, செய்முறை என்ன, முடிவுகளை எப்படி அட்டவணைப்படுத்துவது என்பதெல்லாம் அந்த மாதிரிகளில் தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் தலைப்புக்குக் கீழே ‘நான்கு பேர் கொண்ட குழுவாகச் செய்க’ என்று ஒரு வரி வருகிறதே, அந்த நான்கு பேரில் யார் எந்தப் பொறுப்பை ஏற்பது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. இது தங்கள் இதழுக்கு மட்டும் உரிய குறையன்று. பாடநூல்களும் பெரும்பாலும் அப்படித்தான். வகுப்பில் நிற்கிற நாங்களும் அப்படித்தான். குழுவைப் பிரித்துவிட்டால் ஒத்துழைப்பு தானாக வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

தானாக வருவது என்னவோ வேறாக இருக்கிறது. நன்றாகப் படிக்கிற மாணவி முழு வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். கையெழுத்து அழகாக இருப்பவள் அட்டையில் எழுதுகிறாள். கூச்சமில்லாமல் பேசத் தெரிந்தவன் கடைசி நாளில் முன்னால் வந்து நின்று கைதட்டல் வாங்கிக்கொள்கிறான். நான்காமவனின் பெயர் முகப்புப் பக்கத்தில் மட்டும் இருக்கிறது. ஆசிரியர் பொறுப்புகளை வகுத்துக் கொடுக்காததால் அந்தக் குழுவில் பொறுப்புகளே இல்லாமல் போய்விடவில்லை. வகுப்பில் யாருக்கு என்ன பெயர் ஏற்கெனவே இருக்கிறதோ, அந்தப் பெயரே அவரவர் பொறுப்பாக ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் எத்தனை செயல்திட்டம் கொடுத்தாலும் இந்த நால்வரும் இதே நான்கு இடங்களில்தான் போய் உட்காருவார்கள்.

நான்காமவனைச் சோம்பேறி என்று கடிந்துகொண்டு நகர்ந்துவிடுவது எளிது. நானும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். பிறகுதான் மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளரின் கயிறு இழுக்கும் சோதனையைப் பற்றிப் படித்தேன். ஆள்களைத் தனித்தனியாகவும் கூட்டமாகவும் கயிறு இழுக்கச் செய்து அளந்து, 1913ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கணக்கின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும் வெளிப்பட்ட விசை, அவர் தனியாக இழுத்தபோது இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காமல் முன்னும் பின்னுமாக இழுத்ததால் விசை வீணாகியிருக்கலாம் என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்ல முடியும். அந்த ஐயத்தைத் தீர்க்க, 1974இல் ஆலன் இங்காம் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் உபாயம் செய்தார்கள். சோதனைக்கு வந்தவரின் கண்ணைக் கட்டி, கயிற்றின் முன் முனையில் நிறுத்தி, பின்னால் பலர் சேர்ந்து இழுப்பதாக அவரை நம்பவைத்தார்கள். பின்னால் நின்றவர்களோ இழுப்பதுபோல் பாவனைதான் செய்தார்கள். அப்போதும் அவருடைய விசை குறைந்தது. உடன் இழுக்கப் பலர் இருக்கிறார்கள் என்ற நினைப்பு ஒன்றே கையைத் தளர்த்திவிடுகிறது. பிறகு பிப் லட்டானே, கிப்ளிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ் ஆகிய மூவரும் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் இதையே 1979இல் மீண்டும் காட்டினார்கள். தொடர்ந்து அவர்கள் செய்த சோதனையில், தன் குரலின் அளவு தனியாகத் தெரிந்துவிடும் என்று அறிந்தவர்கள் கூட்டத்திலும் முழு மூச்சாகவே கத்தினார்கள். நம் நான்காமவனின் நிலையும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. தன் பங்கு எது என்று அவனுக்கே தெரியவில்லை. அது குறைந்தால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை.

ஆகவே பங்கைக் காட்டிவிட வேண்டும் என்று புறப்படும்போதுதான் பலரும் தவறான வழியில் போகிறார்கள். ‘நீ முன்னுரையை எழுது, நீ படம் வரை, நீ அட்டவணை போடு, நீ முடிவுரையை எழுது’ என்று வேலையைக் கூறுபோட்டுக் கொடுத்துவிடுகிறோம். நால்வரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒப்படைக்கும் நாளன்று காலையில் ஒன்றாகச் சேர்த்துப் பின் குத்தி எடுத்துவருகிறார்கள். முன்னுரையில் சொன்ன கேள்விக்கும் முடிவுரையில் உள்ள விடைக்கும் சம்பந்தம் இருக்காது. படம் வரைந்தவனிடம் முடிவு என்னவென்று கேட்டால், அது அவளுடைய பகுதி என்று கைகாட்டுகிறான். வேலையைப் பிரித்துக்கொடுத்தால் குழு நான்கு தனி ஆள்களாகிவிடும். நான் சொல்லும் பொறுப்பு அப்படிப்பட்டதன்று. எல்லோரும் ஒரே வேலையைத்தான், ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்கிறார்கள். அந்த வேலை நடக்கும் விதத்தில் ஒவ்வோர் அம்சத்தைக் கவனித்துக்கொள்ளும் கடமை ஒவ்வொருவருக்கு. எல்லோரும் பேசினார்களா என்று பார்ப்பவர் ஒருவர், சொன்னதையும் செய்ததையும் பதிவுசெய்பவர் ஒருவர், ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்பவர் ஒருவர். குழுவின் கருத்தை வகுப்புக்கு எடுத்துச்சொல்பவர் ஒருவர். அவரவர் பொறுப்பை எழுதிய சிறு அட்டை ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுகிறேன்.

இதில் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நீர் ஆவியாகும் வேகம் பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று காண, அகன்ற தட்டு, குவளை, குறுகிய வாயுள்ள புட்டி ஆகிய மூன்றிலும் 100 மில்லிலிட்டர் தண்ணீரை ஊற்றி, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளவுசாடியில் அளந்து குறிக்கும் எளிய சோதனை அது. மூன்றாம் நாள் ஒரு குழுவின் மேசையருகே நான் நின்றுகொண்டிருந்தேன். புட்டியில் இருந்த நீர் முந்தைய நாள் 97 மில்லிலிட்டர், அன்று 98. வழக்கமாக இத்தகைய இடத்தில் என்ன நடக்கும் என்பது எல்லா அறிவியல் ஆசிரியர்களுக்கும் தெரியும். ஒருவன் ரப்பரை எடுத்து 98ஐ 96 ஆக்குவான், வரைபடம் அழகாகக் கீழிறங்கும், மதிப்பெண்ணும் வந்துவிடும்.

அந்த வாரம் கேள்வி கேட்கும் அட்டை, வகுப்பில் வாயைத் திறக்கவே தயங்குகிற ஒரு மாணவியிடம் இருந்தது. அவள் அட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, “நேத்து 97, இன்னிக்கு 98. தண்ணி எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டாள். ரப்பரைக் கையில் எடுத்திருந்தவன் எரிச்சலோடு, “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, விடு” என்றான். “நான் விட்டாலும் இந்த அட்டை விடாதே” என்று அவள் சொன்னதும் நால்வரும் சிரித்துவிட்டார்கள். பதிவாளராக இருந்த பையன் தன் ஏட்டைப் புரட்டினான். ஒவ்வோர் அளவுக்கும் எதிரே அதைப் பார்த்துச் சொன்னது யார் என்றும் எழுதவேண்டும் என்பது அவன் அட்டையில் இருந்த விதி. முதலிரண்டு நாள்கள் அளவைப் பார்த்தவள் ஒருத்தி, மூன்றாம் நாள் பார்த்தவன் வேறொருவன். அளவுசாடியில் நீர்ப்பரப்பு ஓரங்களில் சற்று ஏறி நடுவில் குழிந்திருக்குமல்லவா, அவள் குழிந்த அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படித்திருக்கிறாள். இவன் நின்றபடியே ஓரத்து விளிம்பைப் படித்திருக்கிறான். நீர் எங்கிருந்தும் வரவில்லை. படித்த இடம்தான் மாறியிருக்கிறது. பிறைத்தளத்தின் அடியைப் படிக்கவேண்டும் என்று நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப்போட்டும் ஏறாத ஒரு பாடம், அன்று பத்து நிமிடத்தில் நால்வருக்கும் ஏறியது.

அந்த அட்டை அவளுக்குக் கொடுத்தது அறிவையன்று, கேட்பதற்கான உரிமையை. தோழர்கள் நடுவே ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பது சாதாரணமாக ஒரு சண்டைக்கான அழைப்பு. கேட்டவள் கர்வி என்று பெயர் வாங்குவாள், கேட்கப்பட்டவன் முகம் சுருங்கும். அதே கேள்வி அவளுடைய கடமையாக ஆகிவிட்டால் கேட்காமலிருப்பதுதான் குற்றம். யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லோரையும் பேசவைக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ‘நீ கொஞ்சம் நிறுத்து, அவன் சொல்லட்டும்’ என்று வகுப்பின் முதல் மாணவியிடம் வேறு எந்தத் தோரணையில் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் சொல்ல முடியும்?

இவ்வளவு உறுதியாக எழுதுகிறேனே தவிர, தொடக்கத்தில் நான் செய்தது பெரும் பிழை. முதல் ஆண்டில் ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து பேரைப் போட்டு, ஐந்து பொறுப்புகளைக் கொடுத்து, ஆண்டிறுதி வரை அவற்றை மாற்றவேயில்லை. ஐந்தாவது பொறுப்பு நேரம் பார்ப்பவர். கடைசி நாளன்று அப்படி நேரம் பார்த்த ஒரு மாணவனை அழைத்து, உங்கள் குழு என்ன கண்டுபிடித்தது என்று கேட்டேன். “நாங்க எப்பவும் நேரத்துக்கு முடிச்சிடுவோம், டீச்சர்” என்று பெருமையோடு சொன்னான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுவரில் தொங்கும் கடிகாரம் செய்கிற வேலையை ஓர் ஆண்டு முழுவதும் ஒரு மாணவனுக்குக் கொடுத்துவைத்திருந்தவள் நான். அன்றோடு அந்தப் பொறுப்பை எடுத்துவிட்டேன். குழுவையும் நான்கு பேராகக் குறைத்துவிட்டேன். வேதியியல் கற்பிக்க அமெரிக்கக் கல்லூரிகளில் 1990களில் உருவாகிப் பிறகு பிற பாடங்களுக்கும் பரவிய போகில் என்ற முறையில், குழு எப்படி இயங்குகிறது என்பதைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பு ஒருவருக்கு உண்டு. ‘இன்று நாம் இருவர் சொன்னதை மட்டும்தான் கேட்டோம்’ என்று வகுப்பு முடியும்போது சொல்லும் அந்த வேலை, கடிகாரம் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். நால்வர் குழுவில் இதை ஒருங்கிணைப்பாளரிடமே சேர்த்துவிடலாம்.

பொறுப்பைச் சுழற்றாவிட்டால் நேரும் இன்னொரு தீங்கு, எனக்கு அதைவிடக் கசப்பானது. என் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, பதிவாளர்களில் பெரும்பாலோர் மாணவிகள். எடுத்துரைத்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். நான் அப்படித் திட்டமிடவில்லை. ‘உங்களுக்குள் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்’ என்று சொன்னேன். அவர்கள் பேசி முடிவுசெய்தார்கள். பெண்பிள்ளை அழகாக எழுதுவாள், ஆண்பிள்ளை துணிச்சலாகப் பேசுவான் என்ற பழைய ஏற்பாடு, நான் அசந்த நேரத்தில் என் வகுப்புக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. இப்போது முதல் சுற்றுக்கான பொறுப்புகளை நானே கொடுக்கிறேன். பிறகு ஒவ்வொரு செயல்திட்டத்துக்கும் அட்டை இடப்பக்கம் இருப்பவரிடம் நகர்ந்துவிடும். விருப்பத்தைக் கேட்பதில்லை. இதைக் கண்டிப்பு என்று சிலர் குறை கூறுகிறார்கள். நான்கு சுற்றில் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடுகிறது என்பதே என் பதில்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் குழுக் கற்றலை ஆராய்ந்த எலிசபெத் கோஹன் என்ற சமூகவியலாளர் இந்த இடத்தைத்தான் கூர்ந்து பார்த்தார். கெட்டிக்காரர் என்று கருதப்படுபவர் குழுவில் அதிகம் பேசுகிறார். அதிகம் பேசுபவர் அதிகம் கற்கிறார். அதனால் முன்பிருந்த ஏற்றத்தாழ்வு குழு வேலையால் குறையாமல் மேலும் கூடிவிடலாம் என்பது அவருடைய எச்சரிக்கை. பொறுப்பு அட்டை மட்டும் இதைத் தீர்த்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஒரே ஆள் உட்கார்ந்து முடித்துவிடக்கூடிய வேலையைக் குழுவுக்குக் கொடுக்காதீர்கள், பலவகைத் திறன்கள் இல்லாமல் முடியாத வேலையைக் கொடுங்கள் என்றார். பின்தங்கியவன் என்று பெயர் வாங்கிய மாணவன் உருப்படியாக ஒன்றைச் செய்யும்போது, அது எந்த வகையில் குழுவுக்கு உதவியது என்பதை எல்லோரும் கேட்கும்படி ஆசிரியர் குறிப்பாகச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். பொதுவாக ‘சபாஷ்’ என்று முதுகில் தட்டுவது போதாது. ‘யார் அளந்தது என்று இவன் எழுதிவைத்திருந்ததால்தான் உங்கள் பிழை பிடிபட்டது’ என்று அன்று நான் அந்தப் பதிவாளரைப் பற்றிச் சொன்னபோது அவன் முகத்தில் வந்த மாற்றத்தை, நூறு சபாஷ் சொல்லியும் நான் பார்த்ததில்லை.

பாடத்தைப் பிரித்துக் கொடுத்தும் குழுவைச் சேர்க்க முடியும் என்பதற்கு எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய ஜிக்சா முறையைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு மாணவரும் தன் துண்டைப் படித்தபின், அதே துண்டைப் பெற்ற பிற குழுவினரோடு கலந்து தெளிந்து, மீண்டும் தன் குழுவுக்கு வந்து மற்றவர்களுக்குக் கற்பித்தாகவேண்டும். தேர்வோ முழுப் பாடத்துக்கும் எல்லோருக்கும் உண்டு. கற்பிக்கும் அந்தப் படியை விட்டுவிட்டுப் பிரிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது மேலே சொன்ன பின் குத்திய நான்கு தாள்கள்தான்.

‘வெளியுலகில் யார் பொறுப்பு அட்டை கொடுக்கிறார்கள்? பிள்ளைகள் தாங்களே ஒத்துப்போகக் கற்றுக்கொள்ளட்டுமே’ என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. தவறினால் உயிர் போகும் என்கிற வேலைகளில் வெளியுலகம் அப்படி விட்டுவிடுவதில்லை. விமானத்தில் இரு விமானிகள் இருந்தாலும், ஒரு பயணத்தில் ஒருவர் ஓட்டுபவர், மற்றவர் கண்காணித்துச் சரிபார்ப்பவர் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்கிறார்கள். பதவியில் இளையவர் ஓட்டும்போது தலைமை விமானியே கண்காணிப்பவராக இருப்பதும் வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், தோலில் கத்தி படுவதற்கு முன் குழுவில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார்களா என்று உறுதிசெய்யும் ஒரு வரி இருக்கிறது. பல்லாண்டு பழகிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தேவைப்படுகிற ஒன்றை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

அதேவேளை அட்டையையே கட்டிக்கொண்டு அழவும் கூடாது. இரண்டு சுற்று முடிந்தபின் மாணவர்கள் அட்டையைப் பார்க்காமலேயே ஒருவரையொருவர் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். பதிவாளர் தவறவிட்டதை வேறொருவர் நினைவூட்டுகிறார். அந்தக் கட்டத்திலும் ‘அது என் பொறுப்பில்லை’ என்று பிரித்துப் பேசவைத்தால், அட்டை உதவியாக இருந்தது போய்ச் சுவராகிவிடும். பழகிய குழுக்களிடமிருந்து நான் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். திணறுகிற குழு கேட்டால் மறுபடி கொடுக்கிறேன்.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். குழுவுக்கு ஒரே மதிப்பெண் என்றால் உழைத்தவள் மனம் நோகிறாள். தனித்தனி மதிப்பெண் மட்டும் என்றால் ஒருவரும் மற்றவருக்கு உதவுவதில்லை. நான் இரண்டையும் பாதிப் பாதியாக வைத்திருக்கிறேன். குழு மதிப்பெண்ணைத் தீர்மானிக்க, நால்வரில் ஒருவரைச் சீட்டெடுத்து அழைத்து, முழுச் செயல்திட்டத்தையும் விளக்கச் சொல்கிறேன். யார் பெயர் வரும் என்று தெரியாததால், சொல்லத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை மற்ற மூவரும் முதல் நாள் முதலே எடுத்துக்கொள்கிறார்கள். இவையெல்லாம் வகுப்பு நேரத்துக்குள் நடந்தால்தான் சாத்தியம் என்பதையும் சொல்லவேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய செயல்திட்டத்தில் நான்கு பொறுப்புகளையும் பெற்றோரே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாத இரகசியமன்று!

எனவே தங்கள் மாணவர் பகுதியின் பொறுப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: இனி வெளியிடும் ஒவ்வொரு குழுச் செயல்திட்டத்திலும், பொருள்களின் பட்டியலுக்குக் கீழே அந்தச் செயல்திட்டத்துக்குப் பொருத்தமான பொறுப்புகளையும், ஒவ்வொரு பொறுப்பாளரும் அவசியம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியையும் சேர்த்து அச்சிடுங்கள். நேர்காணல் எடுக்கும் செயல்திட்டத்தில் ‘எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி ‘இதை அவர் சொன்னாரா, நாம் ஊகித்தோமா?’ என்று மாறும். கணக்கெடுப்பில் ‘யாரை நாம் கேட்காமல் விட்டோம்?’ என்று மாறும். ஒரு பத்தி இடம் போதும். வெட்டி எடுத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும் அளவில் கட்டம் கட்டிப் போட்டால் இன்னும் நல்லது. என் வகுப்பில் கையால் எழுதிய அட்டைகள் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓர் அறிவியல் ஆசிரியை